சொந்த போன், ஆபீஸ் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்த ஆண்ட்ராய்டு போனில் ஆபீஸ் மெயிலும் டீம்ஸும் வேண்டுமென்றால் ‘கம்பெனி போர்ட்டல்’ ஆப்பைப் போடச் சொல்கிறார்கள். போட்டால் என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அவர்கள் கண்ணில் படுமா?
— மென்பொருள் ஊழியர், சிறுசேரி

ஆப்பின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கம்பெனி உங்கள் போனுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் மூன்று வாசல்கள்.

முதல் வாசல் மிகச் சின்னது. கம்பெனி போர்ட்டல் போனில் சும்மா இருக்கும். அவுட்லுக்கையோ டீம்ஸையோ திறக்கும்போது மட்டும் தனியாக ஒரு பின் நம்பர் கேட்கும். ஆபீஸ் மெயிலில் உள்ள வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டப் போனால், ஒட்டக்கூடாது என்ற வாசகம்தான் வந்து விழும். கம்பெனியின் பிடி அந்த ஆப்புகளோடு சரி. நீங்கள் வேலையை விட்டால் அவற்றுக்குள் இருக்கும் ஆபீஸ் தரவு மட்டும் அழியும்.

இரண்டாவது வொர்க் ப்ரொஃபைல். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் இருக்கிறது. ‘வொர்க் ப்ரொஃபைல் உருவாக்கவா?’ என்று கேட்டு, முடிந்ததும் ஆப் பட்டியலில் ‘பர்சனல்’, ‘வொர்க்’ என இரண்டு பக்கம் வரும். வொர்க் பக்கத்து ஆப்புகளின் மூலையில் சின்னதாக ஒரு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். அந்தப் பக்கத்துக்குத்தான் கம்பெனி ராஜா. உங்கள் பக்கத்தில் என்னென்ன ஆப் இருக்கிறது என்ற பட்டியல்கூட அதற்குக் கிடைக்காது, போட்டோ, எஸ்.எம்.எஸ்., கால் பட்டியல், பிரவுசர் வரலாறு எதுவும் தெரியாது. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கடைசி செக்யூரிட்டி பேட்ச் தேதி, ரூட் செய்யப்பட்டிருக்கிறதா (போனின் பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்டிருக்கிறதா) என்பவை தெரியும். ஆண்ட்ராய்டு 12 முதல் இப்படிப்பட்ட சொந்த போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்)கூட நிர்வாகி எடுக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களில் அவர்கள் கை உங்கள் பக்கமும் நீளும்: போன் முழுவதற்கும் வலுவான லாக் வைக்கச் சொல்லலாம், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏ.பி.கே. கோப்பாக ஆப் போடுவதை மொத்தமாகத் தடுக்கலாம்.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ‘போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, வெல்கம் திரையில் ஆறு முறை தட்டுங்க, கியூ.ஆர். கோடு ஸ்கேன் பண்ணுங்க’ என்று யாராவது சொன்னால், அது முழு போனையும் கம்பெனி வசம் ஒப்படைக்கும் முறை. கம்பெனி வாங்கிக் கொடுத்த போனுக்கு அது நியாயம். நீங்கள் மாதத் தவணை கட்டும் போனுக்கு இல்லை. ‘வொர்க் ப்ரொஃபைல் போதுமா?’ என்று மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையில் வேண்டாம்.

வொர்க் ப்ரொஃபைல் சில போன்களில் உருவாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரு போனில் ஒரே ஒரு வொர்க் ப்ரொஃபைல்தான் இருக்க முடியும்; பழைய கம்பெனியின் ப்ரொஃபைல் நீக்கப்படாமல் கிடந்தால் புதியது நுழையாது. ஆப்புகளைத் தனியே பிரித்து வைக்க உதவும் ஷெல்டர், ஐலேண்ட் போன்றவையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. சில பிராண்டுகளில் ‘டூயல் ஆப்ஸ்’, ‘செகண்ட் ஸ்பேஸ்’ வசதிகளும் குறுக்கே நிற்கும். அவற்றை அணைத்து, கூகுள் பிளே சர்வீசஸை அப்டேட் செய்து, ஓரிரண்டு ஜி.பி. இடம் காலி செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். அடிமட்ட விலை ‘கோ’ பதிப்பு போன்கள் சிலவற்றில் இந்த வசதியே கிடையாது.

மாலை ஏழு மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷன் பாரை இறக்கி ‘வொர்க் ஆப்ஸ்’ பொத்தானை அணைத்தால் அத்தனை ஆபீஸ் ஆப்பும் தூங்கிவிடும். பலர் இதைத் தொடுவதே இல்லை.

அதே கேள்வி, ஐபோனுக்கு. செட்டிங்ஸில் எங்கே பார்ப்பது?
— கணக்கு அலுவலர், பெங்களூரு

செட்டிங்ஸ், ஜெனரல், அதில் ‘வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’. அங்கே கம்பெனியின் கணக்கோ ப்ரொஃபைலோ இருந்தால் தட்டிப் பாருங்கள். நிர்வாகிக்கு என்னென்ன உரிமை என்று எழுதியிருக்கும்.

2019-இல் ஐ.ஓ.எஸ். 13-உடன் வந்த ‘யூசர் என்ரோல்மென்ட்’ முறை என்றால் நிம்மதியாக இருக்கலாம். ஆபீஸ் தரவு போனுக்குள்ளேயே தனி வால்யூமில், அதாவது தனியாகப் பிரித்த சேமிப்புப் பகுதியில் இருக்கும். போனை முழுதாக அழிக்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை, சீரியல் நம்பர்கூடத் தெரியாது. கம்பெனி கொடுத்த தனி ஆப்பிள் கணக்கு உங்கள் கணக்கோடு கூடவே ஓடும். அதுதான் இதன் அடையாளம். ‘டிவைஸ் என்ரோல்மென்ட்’ முறையில் அப்படி இல்லை. போட்டிருக்கும் ஆப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம், போனைத் துடைத்தும் போடலாம். செட்டிங்ஸ் திரையின் தலையிலேயே ‘இந்த ஐபோன் சூப்பர்வைஸ் செய்யப்படுகிறது’ என்று வந்தால் அது கம்பெனி போனுக்கான ஏற்பாடு. சொந்தப் போனில் அந்த வரி இருக்கக் கூடாது.

எந்த முறையாக இருந்தாலும், உங்கள் வாட்ஸ்அப் செய்திகளையோ போட்டோக்களையோ இந்த மேலாண்மை ஏற்பாடு படிக்க முடியாது.

வேலையை விட்டேன். கடைசி நாள் மாலை என் சொந்த போன் தானாக ரீசெட் ஆகிவிட்டது. குழந்தையின் இரண்டு வருடப் படங்கள் போய்விட்டன. அவர்கள் எந்த ஆப்பும் போடச் சொல்லவில்லை. மெயில் மட்டும்தான் வைத்திருந்தேன். இது எப்படி? படங்கள் கிடைக்குமா?
— வாசகி, கோவை

அந்த மெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். போனோடு வந்த மெயில் ஆப்பில் ஆபீஸ் கணக்கை ‘எக்ஸ்சேஞ்ச்’ (மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சர்வர்) என்று தேர்ந்து சேர்த்திருப்பீர்கள். சேர்க்கும்போது ‘டிவைஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று ஒரு திரை வந்திருக்கும். அதில் ‘எல்லாத் தரவையும் அழிக்க’ என்ற வரி முதல் ஆளாக நிற்கும். யாரும் படிப்பதில்லை, ‘ஆக்டிவேட்’டைத் தட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்த அனுமதி இருந்தால் கம்பெனியின் சர்வரிலிருந்து ஒரு கட்டளை போதும், போன் மொத்தமும் காலி.

எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்புகளில் நிர்வாகி முன் இரண்டு தேர்வுகள் வருகின்றன: ‘கணக்கை மட்டும் அழி’, ‘போனை அழி’. வேலையை விட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வேகமாகத் தட்டிப்போகும் ஒருவர் கை தவறினாலும் விளைவு உங்களுக்குத்தான். அதே மெயிலை அவுட்லுக் ஆப்பில் வைத்திருந்தால், துடைக்கச் சொன்னாலும் அந்த ஆப்புக்குள் இருப்பது மட்டும்தான் போகும். இதற்காகவே, போனில் ஏற்கெனவே இருக்கும் மெயில் ஆப்பில் ஆபீஸ் கணக்கைச் சேர்க்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம்.

படங்கள்: முதலில் கணினியில் கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். பேக்கப் எப்போதாவது ஓடியிருந்தால் அங்கே இருக்கும். அடுத்து, வீட்டார் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியவை அவர்கள் போனில் கிடைக்கும். தரம் குறைந்திருக்கும், பரவாயில்லை. பேக்கப் ஓடவே இல்லையென்றால், மனசுக்குக் கஷ்டமான பதில்தான். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் தரவு பூட்டித்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் ஆகும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிகிறது. ‘டேட்டா ரெக்கவரி, ஐயாயிரம் ரூபாய்’ என்று பலகை வைத்திருக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். அவர்களால் எடுக்க முடிவது மெமரி கார்டில் இருந்ததை மட்டுமே. கார்டு போட்டிருந்தால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள், புதிதாக எதையும் அதில் பதியாதீர்கள்.

வேலையை விடப்போகிறவர்களுக்கு: ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே படங்களுக்கு பேக்கப் எடுத்து, கடைசி நாளன்று மெயில் கணக்கையும் ப்ரொஃபைலையும் நீங்களே நீக்கிவிட்டு ஐ.டி. பிரிவுக்கு அதைத் தெரிவித்து ஒரு மெயில் அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘டிவைஸ் அட்மின்’ என்று அடித்தால் இன்னும் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும்.

22 பேர் வேலை பார்க்கும் ஏற்றுமதி அலுவலகம் எங்களுடையது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் சொந்த நம்பரில்தான் பையரோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். ஒருவர் போனதும் மூன்று பையரின் பேச்சு மொத்தமும் அவரோடு போய்விட்டது. பெரிய சாஃப்ட்வேர் வாங்கும் வசதி இல்லை. என்ன செய்யலாம்?
— பனியன் நிறுவன உரிமையாளர், திருப்பூர்

உங்களுக்கு முதலில் வேண்டியது சாஃப்ட்வேர் இல்லை, சிம். வாட்ஸ்அப் கணக்கு நம்பரோடு ஒட்டிக்கொண்டது. நம்பர் யாருடையதோ பையர் அவருடையவர். போன் ஊழியருடையதாகவே இருக்கட்டும். நம்பர் கம்பெனியுடையதாக வேண்டும்.

உங்கள் பெயரில் 22 சிம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு தனிநபர் பெயரில் ஒன்பது இணைப்புதான் இருக்கலாம். ஜி.எஸ்.டி. சான்றிதழோடு, கையெழுத்து அதிகாரம் பெற்றவரின் அடையாளச் சான்றும் வைத்து ‘கார்ப்பரேட்’ இணைப்பாக எடுங்கள். 22 பேருக்கும் வேண்டாம். பையரோடும் துணி மில்லோடும் பேசுகிறவர்களுக்குப் போதும். அந்த சிம்மை ஊழியர் போனின் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போடச் சொல்லுங்கள். சாதாரண வாட்ஸ்அப்பில் அவருடைய சொந்த நம்பர் பாட்டுக்கு ஓடும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

நிறையப் பேர் கோட்டைவிடுவது அடுத்த மூன்று இடங்களில்.

டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்கப் பின் நம்பரை ஊழியர் வைத்தாலும், மீட்பு மின்னஞ்சல் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிம் உங்கள் கைக்கு வந்த பிறகும் பின் தெரியாமல் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஷிப்மென்ட் வாரத்தில் ஏழு நாள் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேக்கப். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேச்சு எந்த கூகுள் கணக்குக்குப் போகிறது என்பதை செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப்பில் பாருங்கள். ஊழியரின் சொந்த ஜிமெயில் அங்கே இருந்தால், நம்பர் உங்களிடம் வந்தாலும் பழைய பேச்சு வராது. கம்பெனி கணக்கை அதில் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேலரி. பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட், பிரிண்ட் ஆர்ட்வொர்க், லேப் டிப் (சாயச் சாம்பிள்) படம் எல்லாம் ஊழியரின் கேலரியில் கல்யாணப் படங்களுக்கு நடுவே விழுந்து, அங்கிருந்து அவருடைய கிளவுடுக்கும் போகிறது. பிசினஸ் ஆப்பில் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்தால் கேலரிக்கு வராது. அதைவிட, ‘கோப்பு என்றால் டிரைவ், வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும்’ என்று பழக்குவது நல்லது. நம் ஊரில் அது கைக்கு வர ஒரு சீசனாவது ஆகும்.

பிசினஸ் ஆப்பை முதன்மைப் போன் தவிர நான்கு கருவிகளில் இணைக்கலாம். ஒன்று ஆபீஸ் கணினியாக இருக்கட்டும். ஆள் லீவில் இருந்தாலும் பையருக்குப் பதில் போகும். ஆனால் இதை ஊழியருக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

மெயிலுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால், விலை குறைந்த திட்டத்திலேயே அடிப்படை மொபைல் மேலாண்மை சேர்ந்தே வருகிறது. போனில் லாக் கட்டாயம் என்று வைக்கலாம், ஆள் போனதும் கணக்கை அங்கிருந்தே நீக்கலாம். வொர்க் ப்ரொஃபைல் வேண்டுமென்றால் அதற்கு மேல் திட்டம் தேவை. 22 பேர் அலுவலகத்துக்கு அது உடனடி அவசரமில்லை.

ஆள் போகும் நாளில் முதல் வேலை, சிம்மைக் கையில் வாங்குவது. வாங்கி மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் நம்பர் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். அவர் அதில் வாட்ஸ்அப் திறந்தால் உங்கள் பையர் அனுப்பும் ஆர்டர் விசாரணை அவர் போனில் மணியடிக்கும்.

வருகைப்பதிவு ஆப்பில் லொகேஷன் போட்டுத்தான் ‘பஞ்ச்’ பண்ண வேண்டும். வெயிலில் அலைந்து வேலை செய்தும் மாதத்தில் நாலைந்து நாள் ‘ஆப்சென்ட்’ விழுகிறது. போன் சார்ஜும் நிற்பதில்லை.
— மருந்து விற்பனைப் பிரதிநிதி, மதுரை

ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் இது அடிக்கடி நடப்பது. சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அந்த ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடுகிறது. ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ‘ஆப் இன்ஃபோ’ போங்கள். பேட்டரியில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்’ அல்லது ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’. ‘ஆட்டோஸ்டார்ட்’ இருந்தால் ஆன். லொகேஷனில் ‘பிரிசைஸ்’ ஆன். கடைசியில் சொன்னது அணைந்திருந்தால் போன் தோராயமான இடத்தைத்தான் கொடுக்கும்; மருத்துவமனை வாசலில் நின்றாலும் ஆப் உங்களை வேறு தெருவில் காட்டும்.

கட்டடத்துக்குள், லிஃப்ட் பக்கம், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பஞ்ச் செய்யாதீர்கள். வெளியே வந்து, மேப்ஸைத் திறந்து, நீலப் புள்ளி நிலைத்த பிறகு செய்யுங்கள். பவர் சேவர் மோடில் போன் இருந்தால் அதையும் அணைத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபேக் ஜி.பி.எஸ்.’ ஆப் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். லொகேஷன் போலியானது என்பதை ஆண்ட்ராய்டே ஆப்புக்குச் சொல்லிவிடும். அநியாயமாக விழுந்த நாலு ஆப்சென்ட்டைக்கூட அப்புறம் எதிர்த்துப் பேச வாயிருக்காது.

வேலை நேரம் முடிந்ததும் லொகேஷன் போகக் கூடாது என்றால் அனுமதியை ‘ஆப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். பயணத் தூரத்தை வைத்துப் பெட்ரோல் அலவன்ஸ் கணக்கிடும் கம்பெனி என்றால், மாற்றுமுன் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். கிலோமீட்டர் குறைந்து பணம் குறையும்.

ஆபீஸ் மெயில், ஃபைல் எல்லாம் உள்ள போன் பஸ்ஸில் தொலைந்தால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? போலீஸா, சிம்மா?
— தனியார் நிதி நிறுவன ஊழியர், சேலம்

இரண்டுக்கும் முன்னால் ஆபீஸ் ஐ.டி. ஆளுக்கு போன். உங்கள் கணக்கின் எல்லா லாகினையும் அவர் சர்வர் பக்கத்திலிருந்தே துண்டிக்கலாம். தொலைந்த போனில் நெட் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. திட்டு விழுமே என்று மறுநாள் காலை வரை சொல்லாமல் வைப்பதுதான் பெரிய தவறு. தரவு கசிந்த சம்பவங்களைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு நிறுவனங்களை நெருக்குகிறது.

அடுத்து, கூட இருப்பவர் போனில் ஃபைண்ட் ஹப் (ஆண்ட்ராய்டு) அல்லது ஃபைண்ட் மை (ஐபோன்) திறந்து லாக் செய்யுங்கள். திரும்பக் கிடைக்காது என்று பட்டால் அழித்துவிடுங்கள். சிம்மை முடக்குவது இதற்குப் பிறகு. சிம்மை முடக்கினால் போனுக்கு நெட் போய்விடும், அழிக்கச் சொன்ன கட்டளை போய்ச் சேராது. ஆனால் இந்த வேலைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் அந்த சிம்முக்குத்தானே வரும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பிறகு போலீஸ் புகார், அதன் நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போன்களுக்கான சி.இ.ஐ.ஆர். பகுதியில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தடை செய்யும் விண்ணப்பம். டூப்ளிகேட் சிம் வாங்கிய முதல் 24 மணி நேரம் அதில் எஸ்.எம்.எஸ். வராது, விண்ணப்பத்தின் ஓ.டி.பி.க்கு வீட்டார் நம்பரைக் கொடுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். போன் கையில் இருக்கும் இன்றே *#06# அடித்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, செட்டிங்ஸில் சிம் லாக் போட்டு வையுங்கள். திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பின் கேட்கும். மூன்று முறை தவறினால் பி.யு.கே. (சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும்.

என் போன், என் டேட்டா, வேலை கம்பெனிக்கு. காசு கேட்கலாமா?
— வாசகர், ஓசூர்

தாராளமாக. ஊழியர் அளவில்லா பிளான் வைத்திருந்து கூடுதலாக ஒரு காசு செலவாகாவிட்டாலும், பில்லில் நியாயமான பங்கை முதலாளி தர வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம்மிடம் அப்படி நேரடிப் பிரிவு கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே வழி. ‘மொபைல் அலவன்ஸ்’ என்று சம்பளச் சீட்டில் சேர்த்தால் வரி உண்டு; அதனால் ரீசார்ஜ் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் முறையைக் கேளுங்கள். ப்ரீபெய்ட் என்றாலும் ஆப்பில் ரசீது இறங்கும்.

ஆபீஸ் வைஃபையில் சொந்த போனை இணைத்தால் நான் பார்ப்பதெல்லாம் தெரியுமா?
— வாசகி, சென்னை

எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. விதிவிலக்கு ஒன்று: வைஃபை வேலை செய்ய ‘இந்த சர்டிஃபிகேட்டை இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று ஒரு கோப்பு கொடுத்திருந்தால், பிரவுசரில் நீங்கள் திறக்கும் பக்கங்களின் உள்ளேயும் அவர்கள் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டில் ‘நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்ற எச்சரிக்கை வரும். செட்டிங்ஸ் தேடலில் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’, அதில் ‘யூசர்’ பக்கம். ஐபோனில் ஜெனரல், அபவுட், ‘சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்’. உங்கள் கம்பெனியின் பெயர் அங்கே நின்றால், சொந்த வேலைகளுக்கு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் பலர், ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அந்தத் திரையைப் படம்பிடிக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி லேப்டாப்பில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ திறந்து, தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பதை லாக் அவுட் செய்யுங்கள்.